தண்ணீர் டீக்கடையைத் தாண்டும் வரை

பதினோரு வருஷமாகக் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் அலைச் சமன்பாடு நடத்துகிறேன். கடலைப் பார்த்தது மொத்தம் நாலு தடவை, அதில் ஒன்று பஸ் ஜன்னல் வழியாக. இப்படிப்பட்ட நான் 2009 மார்கழியில் கடலூர் மாவட்டத்தில் ஐந்து நாள் அலைந்தேன் என்றால் அது கடலுக்காக இல்லை, ஒரு வாய்க்காலுக்காக.

சிதம்பரத்தில் பகுதி நேரமாகப் பி.எச்டி. பதிவு செய்திருந்தேன். ஒரு வாய்க்காலைக் கணினிக்குள் நூறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தண்ணீர் எவ்வளவு உயரம், என்ன வேகம் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் போடுவது என் ஆராய்ச்சி. வாய்க்கால் முடியும் கடைமடையில் மட்டம் குறைந்தால் அது தொடங்கும் தலைமதகின் ஷட்டரைக் கொஞ்சம் திற, ஏறினால் கொஞ்சம் மூடு என்று கணினியே முடிவெடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்தால் என் வாய்க்காலில் தண்ணீர் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. எந்த எண்ணை மாற்றினாலும் நிற்கவில்லை.

மூன்று தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை துறையில் எல்லோர் முன்பும் ஆய்வைப் பேசி என் கைடிடம் கையெழுத்து வாங்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷம் வீண். கைடோ ஒரே பிடியாக நின்றார். "நிஜ வாய்க்கால் ஒண்ணோட ஒப்பிட்டுக் காட்டும்மா. அப்பத்தான் கையெழுத்து."

கிளம்பும்போது என் கணவர் சொன்னது: "குக்கர் விசில் வர்றதுக்குள்ள மூணு தடவ வெயிட்டத் தொட்டுப் பாக்கற ஆளு நீ. அங்க போயி எதையும் நோண்டாத." பொய் இல்லை, எனக்குக் கை சும்மா இருக்காது.

திங்கட்கிழமை கடலூர். பாசனத்துறை டிவிஷன் ஆபீஸில் ஒரு கடிதம் மூன்று மேஜைகளைக் கடந்து வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. நான் பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே கிளார்க் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கோயம்புத்தூரா மேடம்? 'ங்க' ஜாஸ்தியா வருதே."

"ஆமாங்க" என்றேன். அவர் சிரித்தார், கடிதம் வேகமாக நகர்ந்தது. சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கிளை வாய்க்கால். ஷட்டரைப் பார்க்கவும் பரிசோதிக்கவும் அனுமதி, நாலு வருஷ ரிஜிஸ்டரின் ஜெராக்ஸ், அந்தப் பகுதியைக் கவனிக்கும் உதவிப் பொறியாளரின் போன் நம்பர். இவ்வளவும் ஒரே நாளில் கிடைத்தது. எங்கள் ஊரில் கிடைத்திருக்குமா என்று சொல்ல மாட்டேன்.

ராத்தங்கல் செம்மண்டலத்தில் கல்லூரித் தோழி ஜெயந்தி வீட்டில். சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். அந்தக் குழம்புக்காக மட்டுமே இன்னொரு பி.எச்டி. பதியலாம். ஆனால் தண்ணீரைக் குடித்ததும் முகம் கோணிவிட்டது, லேசான உப்பு.

"ஆரம்பிச்சிடாதடி, ஒங்க சிறுவாணி புராணத்த" என்றாள் ஜெயந்தி, நான் வாயைத் திறக்கும் முன்பே.

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரம். லாட்ஜில் மொட்டை மாடி மேல் சோலார் ஹீட்டர், என் அறை கீழ்த்தளத்தில். வெந்நீர்க் குழாயைத் திறந்தேன், பச்சைத் தண்ணீர். இன்னும் திறந்தேன், அதேதான். முழுசாகத் திறந்து, ரிசப்ஷனுக்குப் போன் பண்ணித் திட்டிக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்த கொதிநீர் மொத்தமும் வந்து சேர்ந்தது. அலறிக்கொண்டு மூடினேன். பச்சைத் தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்தேன். பல் கிட்டியது. மறுபடி வெந்நீர். ஒரு குளியலுக்கு முக்கால் மணி நேரம். நியாயமாகப் பார்த்தால் என் ஏழு வருஷச் சிக்கல் அந்தக் குளியலறையிலேயே தீர்ந்திருக்க வேண்டும். நான் லாட்ஜ் மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டேன்.

இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு. கத்திரிக்காயைக் கண்டாலே தட்டை நகர்த்துகிறவள் நான். மூன்று தடவை கேட்டு வாங்கினேன். பரிமாறியவர் நாலாவது தடவை பாத்திரத்தையே மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு துறையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரை லேப்டாப்பில் ஏற்றினேன். கடைமடையில் தினம் மூன்று வேளை மட்டம். ஒன்று இருபது. ஒன்று இருபது. ஒன்று பத்தொன்பது. ஒன்று இருபத்தொன்று. மீட்டர் கணக்கு. எப்போதாவது ஒரு காலை ஒன்று பன்னிரண்டு, மத்தியானமே மறுபடி ஒன்று இருபது. மற்றபடி நாலு வருஷமும் கோடு கிழித்த மாதிரி. பக்கத்துப் பத்தியில் ஷட்டரைத் தொட்ட விவரம்: காலையில் ஒரு மரை திறப்பு. சில நாள் சாயந்திரம் அரை மரை மூடல். அவ்வளவுதான். ஷட்டரைச் சக்கரம் சுற்றித் தூக்கும்போது திருகில் எத்தனை மரை ஏறுகிறது என்பதுதான் அங்கே அளவு.

என் கணினி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டத்தைப் பார்த்து ஷட்டரைச் சரிசெய்தும் தண்ணீர் ஊஞ்சலாடுகிறது. இங்கே ஒரு மனுஷன் நாளைக்கு ஒன்றிரண்டு தடவை தொட்டு, தண்ணீரைத் தாம்பாளத்தில் வைத்தமாதிரி வைத்திருக்கிறானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதிய ரிஜிஸ்டர். இதை நம்பி நான் எப்படி ஒப்பிடுவது?

அந்தச் சூட்டிலேயே உதவிப் பொறியாளருக்குப் போன் போட்டேன். "சார், உங்க லஸ்கர் எழுதற லெவல் எதுவும் நிஜமில்லீங்க. தண்ணி அப்படி நிக்கவே நிக்காது. கணக்குப்படி சாத்தியமில்லீங்க." ஷட்டர் திறந்து மூடும் ஊழியருக்கு அந்தத் துறையில் லஸ்கர் என்று பேர்.

"அப்புடியா மேடம்?" என்றார் அவர். "யுனிவர்சிட்டியிலேர்ந்து நீங்களே சொல்றீங்கன்னா பாக்கணும். மெமோ குடுத்துடறேன்."

போனை வைத்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

புதன்கிழமை அந்த லஸ்கரைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினேன். சேத்தியாத்தோப்பு வரை பஸ் முழுக்கக் கறுப்பு வேட்டி ஐயப்ப பக்தர்கள். ஒருவருடைய இருமுடி என் மடியில் பயணம் செய்தது. அங்கே இறங்கி, தெற்கே போகும் பஸ் பிடிக்க வேண்டும். 'கும்பகோணம் – சென்னை' என்று பலகை மாட்டி ஒரு பஸ் வந்தது. போகும்போதும் அதே பலகை, வரும்போதும் அதே பலகை என்று யோசிக்க எனக்கு ஏது பொறுமை? ஓடிப்போய் ஏறினேன். உட்கார்ந்ததும் காலையில் தின்ற கொத்சு வேலையைக் காட்டியது, தூங்கிவிட்டேன்.

கண்டக்டர் எழுப்பினார். "எங்கம்மா போவணும்?"

ஊரைச் சொன்னேன்.

"அது கும்மோணம் ரூட்டாச்சே! நீ மெட்ராசு பக்கமா போய்க்கினு இருக்கியே. வடலூரே தாண்டியாச்சி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இறக்கிவிட்ட இடம் காடாம்புலியூர். எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்திரி மரம். ஒரு கொட்டகையில் நாலைந்து பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கதையைக் கேட்டுச் சிரித்தார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். இது உப்பில்லாத தண்ணீர், சிறுவாணிக்குப் பக்கத்தில் வைக்கலாம். "நானு உடைச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டு ஆறு கொட்டை உடைத்தேன். ஒன்றுகூட முழுசாக வரவில்லை. "நீ வாங்கித் தின்னு மா, அதான் ஒனக்கு லாபம்" என்றாள் ஒருத்தி. கால் கிலோ வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸுக்கு நெடுநேரம் நின்றேன். கை சும்மா இருக்காதே. உதவிப் பொறியாளருக்கு மறுபடி போன். "மெமோ குடுத்துட்டீங்களா சார்?"

"மறந்தே பூட்டேன் மேடம். இதோ, நாளைக்கே டைப் பண்ணி அனுப்பச் சொல்றேன்."

அந்த இரண்டாவது போனை நான் பண்ணியிருக்கவே வேண்டியதில்லை. அவர் மறந்தே போயிருப்பார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குத் தலைமதகுக்கே போய்ச் சேர்ந்தேன், பலகையைப் படித்து, இரண்டு பேரைக் கேட்டு. லஸ்கர் அங்கே இருந்தார். சகாயராஜ், முப்பது வயதிருக்கும், சட்டைப்பையில் ஜெபமாலை, ஓரமாக ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி. நான் எதிர்பார்த்த சோம்பேறி முகம் இல்லை. கடிதத்தைக் காட்டி, இப்போது கடைமடையில் எவ்வளவு என்று கேட்டேன்.

"காலைல ஒண்ணு பன்னெண்டு மேடம். கொஞ்சம் கொறச்சல். ஒரு மரை தெறந்தா சரியாப் பூடும்."

"எப்பத் தொடணும்னு நான் சொல்றேனுங்க. நான் கடைமடைக்குப் போறேன். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா போன் பண்றேன். நான் சொல்லச் சொல்ல மட்டும் செய்யுங்க." ஒழுங்காகக் கவனித்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவது என் திட்டம்.

அவர் கடிதத்தில் இருந்த சீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி மேடம்" என்றார். அவர் வண்டியிலேயே என்னைக் கடைமடையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

மட்டம் காட்டும் கல் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்தேன். ஒன்பதரை: ஒன்று பன்னிரண்டு. "ஒரு மரை திறங்க." பத்து நிமிஷம் கழித்தும் அதே பன்னிரண்டு. "இன்னொரு மரை." அதற்கப்புறம் ஒன்று பதினொன்று. குறைகிறதா? "இன்னும் ஒண்ணு!"

"மேடம், மொதல்ல தெறந்ததே இன்னும் பாதி வழி டீக்கடையத் தாண்டியிருக்காது."

"பரவால்லீங்க, திறங்க."

ஐந்து மரை திறக்க வைத்தேன். பதினோரு மணி வாக்கில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஒன்று இருபது வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, போட்டோ கூட எடுத்தேன். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் ஒன்று இருபத்தேழு. "மூடுங்க!" ஒன்று முப்பத்தைந்து. "இன்னும் மூடுங்க!" ஒன்று நாற்பத்திரண்டு. கரையின் தாழ்வான இடத்தில் வழிந்து, அறுப்புக்கு நின்ற நெல்லுக்குள் இறங்கியது.

வயலிலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "யாரும்மா நீ? ஷட்டர்ல யாரு வெளையாடறது? சகாயம் எங்க? அவன் இருந்தா இப்புடி ஆவாதே!"

நான் போனில் "மூடுங்க, மூடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு மண்ணை வெட்டிப் போட்டு வழிந்த இடத்தை அடைத்தார். ஒரு மணிக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இறங்கியது, இறங்கியது, ஒன்றுக்கும் கீழே போனது. கடைசி வயல்களின் மடைகளில் தண்ணீர் ஏறவே இல்லை. "திறங்க!" என்றேன். எனக்கே என் குரல் பயமாக இருந்தது.

நோட்டில் குறித்த எண்களைப் புள்ளி வைத்து இணைத்துப் பார்த்தேன். ஏறி, இறங்கி, மறுபடி. லேப்டாப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஏழு வருஷமாக என்னை விரட்டிய அதே கோடு. அரைநாளில், குடையின் கீழே, என் கையாலேயே போட்டிருக்கிறேன். வாய்க்கால் மேல் தப்பில்லை. சமன்பாடு மேலும் இல்லை. மேலே திறந்த தண்ணீர் கீழே வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நானும் என் கணினியும் அது வருமுன்னே திருத்தத்துக்கு மேல் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தோம். எல்லாத் திருத்தமும் ஒன்றுசேர்ந்து வந்து நின்றது. வெந்நீர்க் குழாய் ஞாபகம் வந்தது.

சகாயராஜ் வந்தார். அந்த வயல்காரரிடம், "மாமா, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன், பொறுத்துக்குங்க" என்றார். என்னைத் திட்டவில்லை. வண்டியில் ஏற்றிப் பாதி வழியில் பாலத்தடி டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீக்கடைக்காரர் கேட்டார்: "இன்னா மச்சான், இன்னிக்கு தண்ணி ஏறுது எறங்குது, எலெக்சனா?"

"நீங்க எப்படிங்க ஒருக்கா மட்டும் தொட்டுட்டு நிறுத்தறீங்க?" என்றேன்.

"மொத வருஷம் நானும் இப்புடித்தான் மேடம் அங்கயும் இங்கயும் அடிச்சிக்கினேன். பெட்ரோல் கட்டுப்படியாவல. அப்புறம் ஒரு தடவ தொட்டுட்டு இங்க வந்து உக்காந்துடுவேன்." கடைக்குக் கீழே தண்ணீரோரம் கிளாஸ் கழுவும் கல்லைக் காட்டினார். "அந்தக் கல்லு நனைஞ்சா தண்ணி வந்துடுச்சின்னு அர்த்தம். அப்புறம் கடைமடைக்குப் போயி இன்னொரு மணி நேரம். மொத்தம் ரெண்டு மணி நேரம் ஷட்டர் கிட்டயே போவ மாட்டேன். யாரு கூப்ட்டாலும் சரி."

"ரிஜிஸ்டர்ல இருக்கறதெல்லாம்..."

"பாத்து எழுதுனதுதான் மேடம். அஞ்சு வருஷமா டெம்பரவரி. இந்த மாசம்தான் பர்மனென்ட் பண்ற ஃபைலு மேல போவுது. ஒரு சின்ன ரிமார்க் இருந்தாலும் நிறுத்திப்புடுவாங்க. பொய் எழுதுவனா?"

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. இரண்டு போனையும் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு நாளு நேர்ல வந்து பாத்துட்டு சொல்லியிருக்கலாம்ல மேடம்?" என்றார். சத்தமில்லாமல்தான் கேட்டார். அறைந்திருந்தால் தேவலை.

உடனே போனை எடுத்தேன். நம்பர் பிஸி. மறுபடி போட்டேன். பிஸி. மூன்றாவது தடவை போடப் போகும்போது கையை நீட்டித் தடுத்தார்.

"போன வைங்க மேடம். நீங்க ஒவ்வொரு தடவ போன் பண்ணும்போதும் அவருக்கு எம் பேருதான் ஞாபகம் வரும். தப்பா சொல்லிட்டேன்னு ஒரே ஒரு தடவ எழுதிக் குடுங்க. அப்புறம் கை வெக்காதீங்க. அது போயி சேரணும்ல?"

டீக்கடை பெஞ்சிலேயே எழுதினேன். ரிஜிஸ்டர் உண்மை, என் கணிப்புத் தவறு, நானே ஷட்டரை இயக்கிப் பார்த்து உணர்ந்தேன், வயலில் தண்ணீர் வழிந்ததற்கும் நானே பொறுப்பு. ரிஜிஸ்டரின் நேர்கோடு, என் ஊஞ்சல் கோடு இரண்டையும் வரைந்து கையெழுத்துப் போட்டேன். சேத்தியாத்தோப்பு ஆபீஸில் கொடுத்தபோது கிளார்க் சீல் அடித்து வாங்கிக்கொண்டு, "மெமோ மதியமே போயிடுச்சே மேடம். இது பின்னாடியே போவும்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் என் புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்பதை நூற்றிருபது நிமிஷமாக்கினேன். ஓட்டினேன். கோடு ஒரு தடவை லேசாக நெளிந்து ஒன்று இருபதில் படுத்துக்கொண்டது. ஏழு வருஷத்தில் நான் பார்த்த மிக அழகான படம் அதுதான். ஆனாலும் குதிக்கத் தோன்றவில்லை.

பதினோரு மணிக்குத் துறையில் பேசினேன். இரண்டு கோடுகளையும் திரையில் காட்டினேன். காத்திருக்கும் நேரத்தைச் சமன்பாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று விளக்கினேன். முன்வரிசையில் ஒரு பேராசிரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "இந்த நூத்தியிருபது நிமிஷம் எங்கேர்ந்து வந்தது?"

"டீக்கடையிலிருந்துங்க சார்."

அறையே சிரித்தது. நான் சிரிக்காமல், சகாயராஜ் என்ற பெயரையும் கிளாஸ் கழுவும் கல்லையும் அவர் ரிஜிஸ்டரை நான் சந்தேகித்ததையும் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. கைடு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் மறுபடி கொத்சு. இந்தத் தடவை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை கோயம்புத்தூர். சிறுவாணித் தண்ணீரை ஒரு சொம்பு குடித்தேன். அப்புறம்தான் வேதனை தொடங்கியது. உதவிப் பொறியாளரைக் கூப்பிடலாமா, கடிதம் மேஜைக்கு வந்ததா என்று மட்டும் கேட்கலாமா, கடலூர் கிளார்க்கை விசாரிக்கச் சொல்லலாமா. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கணவர் முந்திரியைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தார். "குக்கர் வெயிட்டத் தொட மாட்டேங்கற, உடம்புக்கு ஏதாவதா?" என்றார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

ஊர் திரும்பிய பதினோராம் நாள், வகுப்பில் அலைச் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. சகாயராஜ் அனுப்பிய குறுஞ்செய்தி.

"மெமோ கேன்சல் மேடம். ஃபைல் மேல போயிடுச்சி. மாமா வயல் அறுத்தாச்சி, சேதம் இல்ல. இன்னிக்கு லெவல் ஒண்ணு இருவது. போன் பண்ண வேணாம்."

பண்ணவில்லை.